விலை ஏறி எனக்கு என்ன பயன்?

வாரத்துக்கு ஒருவராவது வந்து சொல்லிவிடுகிறார்கள். "உங்களுக்கென்ன அண்ணாச்சி, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு திறந்தாச்சு, சென்ட் விலை எங்கயோ போய்ட்டு!" கேட்டுக் கேட்டு வயிறு எரிகிறது.

திருநெல்வேலி ஜங்ஷனை ஒட்டிய சிந்துபூந்துறையில் தாத்தா கட்டிய வீடு எங்களுடையது. பழைய பேருந்து நிலையத்தை 2018இல் இடித்தார்கள், 2024இல்தான் புதிதாகத் திறந்தார்கள். அத்தனை வருடமும் லாரியும் புழுதியும்தான். காலையில் அம்மா காயப்போட்ட வெள்ளை வேட்டி மத்தியானத்துக்குள் பழுப்பேறிவிடும். வாசல் நிலைக்கு மேலே ஒரு விரிசல் விழுந்தது. இன்றைக்கு என் சுண்டுவிரல் அதற்குள் போகிறது. நிலைய வேலையை எடுத்த ஒப்பந்தக்காரரிடம் போய்ச் சொன்னேன். "பழைய வீடு சார், அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார். அப்போது ஒருவரும் மதிப்பைப் பற்றிப் பேச வரவில்லையே!

சரி, விலை ஏறியது உண்மைதான். யாருக்கு? விற்றுவிட்டுப் போகிறவனுக்கு. பக்கத்துத் தெருவில் 2 சென்ட் விலைக்கு வந்தது. மகளைப் பக்கத்திலேயே குடிவைக்கலாம் என்று ஆசையாகக் கேட்டுப் போனேன். சொன்ன விலையே மலைப்பு. அதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அந்தக் கட்டணத்தை 2023இல் 4இலிருந்து 2 ஆகக் குறைத்தார்கள், அதே கையோடு, இந்தக் கட்டணங்களைக் கணக்கிட அரசு நிலத்துக்கு வைக்கும் வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டார்கள். மகள் கடைசியில் ஊருக்கு வெளியே தாழையூத்துப் பக்கம் போய்விட்டாள். என் வீட்டை விற்றால் இதே தெருவில் இன்னொரு வீடு வாங்கலாம், அவ்வளவுதான். இதில் என்ன லாபம்? எதிர்வீட்டில் பதினைந்து வருடம் வாடகைக்கு இருந்த தையல்காரர் குடும்பம் கட்டுப்படியாகாமல் காலி செய்துவிட்டது. அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

நடக்கிற தூரத்தில், ஆனால் சத்தம் கேட்காத தெருவில் வீடு இருந்தால் அது யோகம். நிலையத்தை ஒட்டிக் கிடக்கிற எங்களுக்கு விடிகாலை நாலு மணிக்கே ஏர் ஹாரன். சந்து முழுக்க யார் யாரோ நிறுத்திவிட்டுப் போன பைக்குகள், மதில் ஓரம் மூத்திர நாற்றம். சென்ட் விலை பேசுகிற தரகர் அந்த மதிலோரம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வருகிறார்!

எனக்கு விலை வேண்டாம். அந்த விரிசலைப் பூச ஆள் அனுப்புங்கள். மதிலோரம் ஒருவரும் ஒதுங்காதபடி, கட்டிவைத்த கழிப்பறையைக் கழுவித் திறந்து வையுங்கள். ராத்திரி ஹாரனை நிறுத்துங்கள். எண்பது வயது அம்மா ஒருநாளாவது ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கட்டும்.