வயல்காரர் சம்மதித்தால் கொக்கு சுடலாமா?

“மன்னார்குடி பக்கம் வயல்காரரிடம் சம்மதம் வாங்கிவிட்டால் கொக்கு, மடையான் சுடலாம், ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம், புதியவர்களுக்குக் கூட இருந்து கற்றுத் தருகிறோம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

வயல் உங்களுடையதாக இருக்கலாம், அதில் இறங்கும் கொக்கு உங்களுடையது அல்ல. அதை வேட்டையாடத் தடை விதிக்கும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்துக்கும் பொருந்தும். சுடுவது மட்டும் வேட்டை இல்லை. வரப்போரம் நைலான் கண்ணி கட்டுவதும், கூட்டிலிருந்து முட்டை எடுப்பதும் வேட்டைதான். குறைந்த திறனுள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது சரி; ஆனால் அது துப்பாக்கியை வைத்திருப்பதற்கான விலக்கு, பறவையைச் சுடுவதற்கு அல்ல. அப்புறம், ‘கற்றுத் தருகிறோம்’ என்கிறார்களே, வனவிலங்குச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி உடந்தையாக இருப்பவரும் குற்றம் செய்தவரே. குருநாதரும் மாட்டுவார், தெரிந்தே இடம் கொடுத்த வயல்காரரும் மாட்டுவார்.

நில உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, மூத்தவரோடு போய்ப் பழகுவது அமெரிக்க வழக்கம். அங்கேயும் அரசு லைசென்ஸும் வேட்டைப் பருவமும் தனியாக உண்டு. அந்தப் பாதியை விட்டுவிட்டு மீதியைத் திருவாரூருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்!

காட்டுப்பன்றியையும் இதில் சேர்க்கிறார்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம் என்பதுதான். விவசாயி சுடலாம் என்றல்ல. பயிர் சேதமானால் வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

வயல் எலிக்கு வைக்கும் தஞ்சாவூர் கிட்டி என்ற பொறிக்கு இந்தத் தடை எதுவும் இல்லை.