பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் 4கே

அப்பாவுக்கு டிவி வாங்க ஷோரூம் போயிருந்தோம். 43 இஞ்சில் ஃபுல் ஹெச்டி (குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளி) ஒன்று, பக்கத்திலேயே அதைப்போல நான்கு மடங்கு புள்ளி உள்ள 4கே ஒன்று. "வித்தியாசம் தெரியுதா சார்?" என்றார் கடைக்காரர். தெரிந்தது. இரண்டடியில் நின்றுகொண்டு, வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து ஓட்டுகிற பஞ்சவர்ணக் கிளியைப் பார்த்தால் தெரியாமல் என்ன செய்யும்? 4கே வீட்டுக்கு வந்தது.

வீட்டில் டிவி ஒரு சுவரில், சோபா எதிர்ச்சுவரில், நடுவில் பத்தடி. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல பார்வை என்று கண் டாக்டர் சொல்வது, ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கைப் பிரித்தறியும் கண்ணை. 43 இஞ்ச் ஃபுல் ஹெச்டியில் ஒரு பிக்சல், அதாவது ஒரு புள்ளி, அரை மில்லிமீட்டர். ஐந்தரை அடி தாண்டினாலே அது தனியாகத் தெரியாது. சிலருக்குக் கண் இன்னும் கூர்மை, ஒன்றிரண்டு அடி கூட்டிக்கொள்ளுங்கள். பத்தடி வராது. 4கே-வின் நான்கு மடங்கு பிக்சலும் சோபாவுக்கு வந்து சேர்வதற்குள் கரைந்துவிடுகிறது. இதில் அப்பா கண்ணாடி வேறு போடமாட்டார். பார்ப்பதோ கேபிளில் வரும் 576 வரி சேனல்!

ஒரு ஞாயிறு, ஒரே படத்தை 1080-லும் 4கே-யிலும் மாற்றி மாற்றி ஓட்டினேன். அம்மா ஒரு தடவைகூடக் கண்டுபிடிக்கவில்லை. டிவியில் அசைவை வழவழப்பாக்கும் ஒரு செட்டிங் உண்டு. சொல்லாமல் அதைப் போட்டேன். "என்னடா, சினிமா சீரியல் மாதிரி ஆயிடுச்சு?" என்று உடனே கேட்டார். இருட்டுக் காட்சியில் கறுப்பு சாம்பலாக வெளுத்திருந்ததையும் அவர்தான் சொன்னார். சாதாரணப் பார்வையாளருக்கு எதுவும் தெரியாது என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கறுப்பு, வெளிச்சம், அசைவு எல்லாம் நன்றாகவே தெரிகிறது. தெரியாதது பெட்டிமேல் பெரிதாக அச்சடித்திருக்கும் அந்த எண் மட்டும்தான். பல தியேட்டர்களில் இன்றும் 2கே புரொஜக்டர்தான், குறுக்கே 2048 பிக்சல். அதற்காக யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டதில்லை.

4கே-வைப்போல நான்கு மடங்கு பிக்சல் உள்ள 8கே பற்றிப் பேசவே வேண்டாம். இந்த 43 இஞ்சில் 4கே-வை முழுசாக அனுபவிக்கவே மூன்றடிக்குள் உட்கார வேண்டும்.

ஆனால் கம்ப்யூட்டர் மானிட்டர் கதை வேறு. இரண்டடியில் உட்கார்ந்து எழுத்துப் படிக்கிறோம். 27 இஞ்ச் ஃபுல் ஹெச்டியில் 'ஞ'வின் சுழியும் 'ணை'யின் கொம்பும் படிக்கட்டு மாதிரி நிற்கும். என் மேஜையில் இருப்பது அதுதான். டிவிக்குக் கொட்டிய காசை இங்கே போட்டிருக்கலாம்.