சாப்பிட்டுவிட்டு போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள்

"உங்க சங்கத்துல அப்படி என்னதான் செய்யறீங்க? சேர்ந்து சாப்பிடறீங்க, வரிசையா நின்னு போட்டோ எடுத்துக்கறீங்க. அவ்வளவுதானே?"

போன வாரம் நெருங்கிய நண்பர் ஒருவர் கேட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. 11 வருடங்களுக்கு முன்னால் என்னை ஒரு சேவைச் சங்கக் கூட்டத்துக்கு விருந்தினராகக் கூப்பிட்டபோது நானும் ஏறக்குறைய இதையேதான் சொன்னேன். கூப்பிட்டவரின் முகத்துக்காகப் போனேன். அப்புறம் சேர்ந்து, ஒரு வருடம் செயலாளராகவும் இருந்து, இப்போது வெறும் உறுப்பினராக நிம்மதியாக இருக்கிறேன்.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. அவருக்கு உறுத்துவது சாப்பாடு. எனக்கு உறுத்துவது போட்டோ.

முதலில் சாப்பாட்டுக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். விருந்துச் செலவு எங்கள் சந்தாவிலிருந்து போகிறது. பொதுமக்களிடம் திரட்டும் பணம் தனி. அரிமா (லயன்ஸ்) சங்கங்களில் நிர்வாகக் கணக்கு வேறு, சேவைக் கணக்கு வேறு என்பது எழுதியே வைத்திருக்கிற விதி. ஊரார் தந்த பணத்தில் சங்கத்தின் தபால் செலவைக்கூடப் பார்க்கக் கூடாது. இதை மீறுகிற சங்கம் இருந்தால் அதற்குத் திருட்டு என்று வேறு பெயர் இருக்கிறது. ஆகவே யாராவது சங்கத்துக்காரர் நன்கொடைப் புத்தகத்தோடு உங்களிடம் வந்தால், எந்தக் கணக்கில் போடுகிறீர்கள் என்று கூசாமல் கேளுங்கள். ஒழுங்கான பொருளாளர் என்றால் அந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார்.

சங்கத்துக்குள் "இன்னைக்கு ஃபெல்லோஷிப் உண்டா?" என்று ஒருவர் கேட்டால், கூட்டம் முடிந்து விருந்து உண்டா என்று பொருள். தோழமை என்ற பெரிய சொல் தேய்ந்து தேய்ந்து தட்டில் வந்து நிற்கிறது. நாங்களே இதைச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் அந்தத் தட்டைச் சுற்றி நடப்பதைப் பார்க்காமல் சங்கத்தைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

நான் செயலாளராக இருந்த வருடம் சக்கர நாற்காலி வழங்கும் விழா ஒன்று நடத்தினோம். மேடை, பதாகை, சிறப்பு விருந்தினர் எல்லாம் உண்டு. நாற்காலிகள் பளபளவென்று ஒரே அளவில் வரிசையாக நின்றன. அந்த 'ஒரே அளவு' எனக்கு அன்று அழகாகத்தான் தெரிந்தது. பத்து நாள் கழித்து கூட்டத்தில் அறிக்கை வாசித்தேன், கைதட்டினார்கள். எங்கள் உறுப்பினர்களில் ஒருவர் பிசியோதெரபிஸ்ட். அவரும் கைதட்டினார். அப்புறம் சாப்பிடும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெல்லிய குரலில் சொன்னார்: "செக்ரட்டரி, தப்பா நினைக்காதீங்க. அதுல பாதி பேருக்கு அந்த நாற்காலி ஆகாது."

இருக்கையின் அகலம் இடுப்புக்குப் பொருந்த வேண்டும். அகலம் அதிகமானால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும், நாளாக நாளாக முதுகெலும்பு வளையும். குறைவாக இருந்தால் தொடை இரண்டு பக்கமும் உராயும். கால் வைக்கும் தகட்டின் உயரம் தவறினால் எடை முழுவதும் ஓர் இடத்தில் இறங்கும். முதுகுத்தண்டு அடிபட்ட பலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது, அதனால் புண் வருவது அவர்களுக்கே தெரியாது. தெரியும்போது எலும்பு வரை போயிருக்கும். அழுத்தத்தைக் குறைக்கும் மெத்தை இல்லாமல் நாற்காலி கொடுப்பது ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2008-லேயே இதற்கு வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டிருக்கிறது: ஆளைப் பார்த்து, அளவெடுத்து, பொருத்திக் காட்டி, பயன்படுத்தக் கற்றுக்கொடுத்து, பிறகும் போய்ப் பார்க்க வேண்டும். நாங்கள் செய்தது வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்தது மட்டும்.

இதை ஏன் கூட்டத்திலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "மைக் முன்னாடி எப்படிச் சொல்றது? அவ்வளவு உழைச்சிருக்கீங்க" என்றார்.

அங்கேதான் எனக்கு இந்த விருந்தின் மதிப்பு புரிந்தது. கூட்டத்தில் தலைவர் இருக்கிறார், மணி இருக்கிறது, நிகழ்ச்சி நிரல் இருக்கிறது, நன்றியுரை இருக்கிறது. யாரும் யாரையும் புண்படுத்தாத இடம் அது. எது சொதப்பியது என்பது கையில் தட்டு வந்த பிறகுதான் வெளியே வரும். அதுவும் யாரிடம் சொல்வார்கள்? பழகியவனிடம். பல வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் படிப்பு, மூட்டுவலி, வீட்டுக்கடன் எல்லாம் பேசிய பிறகுதான் ஒருவர் இன்னொருவரிடம் "நீ செஞ்சது தப்பு" என்று சொல்லும் உரிமையைப் பெறுகிறார். அந்தப் பல வாரங்களைத்தான் வெளியே இருந்து பார்க்கிறவர்கள் வெட்டி அரட்டை என்கிறார்கள்.

சேவைச் சங்கங்களின் வரலாறும் இப்படித்தான் தொடங்குகிறது. பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் சிறிய ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். சிகாகோவில் வந்து தொழில் செய்தபோது தெரிந்தவர்கள் நிறையப் பேர், நண்பர்கள் என்று சொல்ல ஆளில்லை. 1905 பிப்ரவரி 23 அன்று ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல்காரர் ஆகிய மூவரோடு உட்கார்ந்து பேசினார். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் மாறி மாறிக் கூடியதால் ரோட்டரி என்று பெயர் வந்தது. அப்போது சேவை என்ற பேச்சே இல்லை. தோழமையும், ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்வதும்தான். 1906-இல் டொனால்ட் கார்ட்டர் என்பவரைச் சேரச் சொன்னபோது, உறுப்பினர்களுக்கு மட்டும் பயன்படுகிற கூட்டத்தில் எனக்கென்ன வேலை என்கிற மாதிரி மறுத்திருக்கிறார். அந்தக் குத்தல் வேலை செய்தது. 1907-இல் நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று கிளம்பினார்கள். முதல் சேவைத் திட்டம் அதுதான்.

கழிப்பறை! எனக்கு இந்தத் தகவல் மிகவும் பிடிக்கும். சிலை இல்லை, நினைவுத்தூண் இல்லை. தெருவில் நடக்கிறவனுக்கு அவசரத்துக்கு ஓர் இடம். அதற்கும் எதிர்ப்பு வந்தது. கழிப்பறைக்காக உள்ளே வருகிறவர்கள் அப்படியே ஏதாவது வாங்கிப் போவதை நம்பியிருந்த மதுபானக்காரர்களும் பெரிய கடைக்காரர்களும் எதிர்த்தார்கள். இரண்டு வருடம் ஒருவரோடு ஒருவர் பழகியிராத கூட்டம் அந்த எதிர்ப்பில் கலைந்துபோயிருக்கும் என்பது என் யூகம்.

வியாபாரத் தொடர்புக்காகத்தான் சேர்கிறார்கள் என்பார்கள். சேர்கிறார்கள்தான். 1917-இல் மெல்வின் ஜோன்ஸ் அரிமா இயக்கத்தைக் கட்டியபோது, உறுப்பினர்களின் பண லாபத்தைச் சங்கம் நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்று விதியே எழுதவேண்டி வந்தது. அப்படி வருகிறவர்கள் இரண்டு வருடத்தில் சலித்துப் போய்விடுவார்கள். அவர்களைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை.

இனி போட்டோ.

சங்கத்தின் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. ஒரு வருடத் தலைவர். சர்வாதிகாரம் வராமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் இதே ஏற்பாடுதான் எங்கள் நோயும். பதவியேற்பு விழா, 'ஆளுநர்' என்று நாங்கள் சொல்லும் எங்கள் மாவட்டச் சங்கங்களின் தலைவர் வருகை, விருது விழா போக மிச்சமிருக்கும் மாதங்களில் தலைவர் தன் பெயர் சொல்லும்படி ஏதாவது செய்தாக வேண்டும். முந்தைய தலைவர் தொடங்கியதைத் தொடர்ந்தால் பெயர் அவருக்குப் போகும். எனவே புதிதாக ஒன்று. எத்தனை ப்ராஜெக்ட் என்ற எண்ணிக்கைக்கு மதிப்பெண் உண்டு, எந்த ப்ராஜெக்ட் ஐந்து வருடம் உயிரோடு இருந்தது என்பதற்கு யாரும் மதிப்பெண் போட்டு நான் பார்த்ததில்லை. மரம் நடுகிறோம், தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. அடுத்த வருடம் அதே குழியில் இன்னொரு கன்று. இதைப் பற்றி எழுதி எழுதி எல்லோருக்கும் அலுத்துவிட்டது, விடுங்கள்.

ரத்ததானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நானே குற்றவாளி. ஒரே நாளில் எத்தனை யூனிட் என்ற போட்டியில் நானும் இருந்திருக்கிறேன். கூட்டம் குவிந்தது, படமும் அழகாக வந்தது. ஆனால் ரத்தம் ஊறுகாய் இல்லையே, போட்டு வைக்க! சிவப்பணுக்கள் குளிர்பதனத்தில் அதிகபட்சம் ஆறு வாரம் தாங்கும். பிளேட்லெட்டுகளுக்கு ஐந்து நாள்தான், சில இடங்களில் ஏழு. ஒரே நாளில் குவித்தால் அந்த வாரம் தேவைக்கு மேல் இருக்கும், இரண்டு மாதம் கழித்து வெறும் அலமாரி. கொடுத்தவர்களும் இடைவெளி முடியாமல் திரும்பக் கொடுக்க முடியாது. ரத்த வங்கிக்கு வேண்டியது, வாரம் நான்கு பேர் என்று வருடம் முழுக்கத் தவறாமல் வருகிற பட்டியல். அந்த நான்கு பேரைப் படம் எடுத்தால் யார் பார்ப்பார்கள்? பதாகைக்குக்கூடக் கட்டாது.

அந்தப் பட்டியலை இப்போது எங்கள் சங்கத்தில் வைத்திருப்பவர் எந்தப் பதவியிலும் இல்லாத ஒரு பெண். யாருக்கு எப்போது போன் செய்யலாம், யார் ஊசிக்குப் பயப்படுவார், யாரிடம் "உங்க தம்பி வர்றான்" என்று சொன்னால் கிளம்புவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இதையெல்லாம் அவர் எங்கே கற்றார் என்று நினைக்கிறீர்கள்? விருந்தில்தான்.

பெண் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ரோட்டரியில் உறுப்பினரின் மனைவியை 'ஆன்' என்பார்கள். 1914-இல் ஹூஸ்டன் மாநாட்டுக்கு ரயிலில் போன ஒரு மனைவியின் பெயர் அது. வேடிக்கையாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் இல்லாமல் எத்தனை பெண்கள் எத்தனை முகாம்களில் வேலை செய்திருக்கிறார்கள்! கலிபோர்னியாவில் டுவார்ட்டி என்ற சிறிய சங்கம் 1977-இல் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது. ரோட்டரி தலைமை அந்தச் சங்கத்தின் அங்கீகாரப் பட்டயத்தையே பறித்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987-இல் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 1989-இல் உலகம் முழுவதற்கும் விதி மாறியது. அந்தச் சின்னச் சங்கம் பத்து வருடம் அசையாமல் நின்றதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. உறுப்பினர்கள் வாரா வாரம் முகம் பார்த்து உட்காராமல் அது நடந்திருக்காது.

அதனால்தான் வருகைப்பதிவு விஷயத்தில் நான் கொஞ்சம் பழமைவாதி. ஒரு காலத்தில் ஒரு கூட்டம் தவறினால் வேறு சங்கத்தின் கூட்டத்துக்குப் போய் 'மேக்-அப்' செய்ய வேண்டும். வெளியூர்ப் பயணத்திலும் அங்கே எந்தச் சங்கம் என்றைக்குக் கூடுகிறது என்று தேடிப் போவார்கள். 2016-இல் ரோட்டரி இதைத் தளர்த்தி, மாதம் இரண்டு முறையாவது கூடினால் போதும், மற்றதை அந்தந்தச் சங்கமே முடிவு செய்யலாம் என்று விட்டது. இரண்டு வேலை பார்க்கிறவர், கைக்குழந்தைக்காரர், எல்லோரும் வர வேண்டுமென்றால் இது சரிதான். ஆனால் கூட்டத்தைக் குறைத்த இடத்தை வாட்ஸ்அப் குழு நிரப்பும் என்று நம்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் குழுவில் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் கைகூப்பிய பொம்மைகளும்தான் வருகின்றன. "அந்த நாற்காலி ஆகாது" என்று அதில் யாராவது எழுதினால் ஒன்று சண்டை வரும், இல்லை நிசப்தம்.

அபராதப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டையில் சங்கச் சின்னம் குத்தாமல் வந்தால் அபராதம், போன் அடித்தால் அபராதம், பத்திரிகையில் பெயர் வந்தால் அதற்கும் அபராதம். அரிமா சங்கத்தில் இதற்கென்றே 'டெயில் ட்விஸ்டர்' என்று ஒரு பதவி, வாலை முறுக்குகிறவர். பெரிய மனிதர்களைச் சின்னதாகச் சிரிக்கவைத்துக் காசு பறிப்பது அவர் வேலை. வெளியே யாரும் அதட்ட முடியாதவர்கள் இங்கே கைகட்டி அபராதம் கட்டுவதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

நான் செயலாளராக இருந்தபோதுதான் ஒரு மூத்த உறுப்பினரின் மனைவி தவறிப்போனார். அதன் பிறகு அவர் எந்த வேலையிலும் சேரவில்லை. கூட்டத்துக்கு வருவதும் விட்டுப்போனது. முடிகிற நேரம் பார்த்து வருவார், மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவார், இரண்டு வார்த்தை பேசினால் பெரிது. சந்தாவும் பாக்கி. விதிப்படி அவர் பெயரை நீக்கலாம் என்று ஒருவர் எழுந்து சொன்னார். சொன்னவர் மேல் தப்பில்லை, விதி அப்படித்தான் இருந்தது. நான் வருகைப்பதிவில் 'வருகையிலிருந்து விலக்கு' என்று எழுதிக்கொண்டே போனேன். சந்தாவை யார் கட்டினார்கள் என்பது பொருளாளருக்கும் இன்னும் இருவருக்கும் மட்டும் தெரியும். நண்பரின் கணக்குப்படி பார்த்தால் அவர்தான் சுத்தமாகச் சாப்பிட மட்டும் வந்தவர்.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போனது.

இப்போது சக்கர நாற்காலிகளை அளவெடுத்துத்தான் கொடுக்கிறோம். எண்ணிக்கை பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது, அந்த வருடத் தலைவருக்கு அதில் வருத்தம்தான். கொடுத்தவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழுதுபார்க்கிறோம். முன்சக்கரத்தின் பேரிங்கில் முடியும் நூலும் சுற்றிக்கொள்ளும், பிரேக் தளர்ந்துவிடும், டயர் தேயும். இந்த வேலைக்கு மேடை கிடையாது, படம் எடுக்க யாரும் வருவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். தரையில் சப்பணமிட்டு, ஸ்பேனரும் கையுமாக அந்த மூத்தவர் உட்கார்ந்திருந்தார். முதல் பழுதுபார்ப்பு நாளில் தானாகவே வந்தவர், இன்றுவரை ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை.

அன்று நான் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றிருந்தேன். இந்தப் பதிவுக்கு ஒரு படம் எடுக்கலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அதை உள்ள வெச்சுட்டு இந்தச் சக்கரத்தைப் பிடி" என்றார்.