அரை மணி நேரத்தில் பார்த்து முடித்த மாவட்டம்

ஊர் சுற்றி வீடியோ போடுகிற தம்பி ஒருவர் எங்கள் புதுக்கோட்டையைப் பற்றிப் போட்ட அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்றிலிருந்து ஆள் மாற்றி ஆள் அதையே அனுப்பி, "உங்க ஊர் மானம் போச்சே" என்று சிரிக்கிற பொம்மை வேறு போடுகிறீர்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

தம்பி காரைக்குடிக்குச் சாப்பிடப் போகிற வழியில் சித்தன்னவாசலில் இறங்குகிறார். உச்சி வெயில். பாறையைக் குடைந்த சமணக் கோயிலான அறிவர் கோயிலுக்குள் போய் விதானத்து ஓவியத்தை அண்ணாந்து பார்த்து, "பெயின்ட்டெல்லாம் உதிர்ந்து கிடக்கு, இதுக்கு டிக்கெட் வேறயா" என்கிறார். வெளியே வந்து, புதுக்கோட்டை மாவட்டத்தில் பார்க்க ஒன்றும் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டு வண்டியேறுகிறார். மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து! மொத்தம் அரை மணி நேரம் இருந்திருப்பாரா?

அதுகூட இருந்திருக்க மாட்டார். வெயிலிலிருந்து உள்ளே போனவுடன் விதானத்தில் வெறும் பச்சைத் திட்டுதான் தெரியும். கண் பழகும்வரை சும்மா நிற்க வேண்டும். அப்புறம் இலைகளுக்கு நடுவில் மீன் தெரியும், யானை தெரியும், எருமை தெரியும், குளத்தில் இறங்கித் தாமரை பறிக்கிற ஆள் தெரிவார். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்தார் என்று 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. அதே மலையில் ஏறினால் ஏழடிப்பட்டம் என்கிற குகை. சமணத் துறவிகளின் கல் படுக்கைகள், தலைமாட்டில் தலையணை மாதிரி செதுக்கிய மேடு, ஒரு படுக்கையில் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய பிராமி எழுத்து. தம்பி அங்கே ஏறவே இல்லை. ஏறாத மலையில் ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்கிறார்? அரை மணி நேரம் கொடுத்துவிட்டு இரண்டாயிரம் வருடத்துக்கு மார்க் போடுகிறார்.

வெளியூர்க்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நான் படித்த காலத்தில் பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் திருச்சி மலைக்கோட்டைதான். பஸ் நார்த்தாமலையைத் தாண்டித்தான் போகும். ஒரு வாத்தியார்கூட ஜன்னல் பக்கம் கையை நீட்டி, அதோ அந்தப் பாறைமேல் ஒரு கோயில் இருக்கிறது என்று சொன்னதில்லை. அப்பாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவிஎஸ் 50இல் கூட்டிப்போனார். ஏறும்போதே என் செருப்பு வார் அறுந்துவிட்டது, சுடுகிற பாறையில் குதித்துக் குதித்துத்தான் போனேன். அந்தப் பாறைமேல் கோயிலான விசயாலய சோழீச்சரத்துக்கு வெளிச்சுவர் சதுரம், கருவறை வட்டம். அப்பா கொத்தனார். கல்லும் கல்லும் சேர்கிற இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பே வைக்கல பாரு" என்றார். சோழர் பெயரைத் தாங்கி நின்றாலும் சாத்தன் பூதி என்கிற முத்தரையர் குலச் சிற்றரசர் கட்டியது, மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் திருப்பணி செய்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. இதெல்லாம் நான் பெரியவனான பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா அங்கிருந்து கிளம்ப மனசில்லாமல் நின்றதுதான்.

இனி, "அவர் இலவசமா விளம்பரம்தானே பண்ணினார், அதுக்கு ஏன் இவ்வளவு கோபம்" என்பவர்களுக்கு. அப்படிப்பட்ட விளம்பரம் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிடைக்கட்டும்.

"கருத்துச் சுதந்திரம்." இருக்கட்டும், எனக்கும் இருக்கிறது.

"கழிப்பறை சுத்தமில்லை, நிழல் இல்லை, பஸ் இல்லை, வழிகாட்டிப் பலகை இல்லை." உண்மை. சத்தியமாக உண்மை. கைக்குழந்தையோடு வருகிற பெண் எங்கே போவாள் என்று நானே பலமுறை கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லி ஒரு வீடியோ போட்டிருந்தால் நானே முதல் ஆளாகப் பகிர்ந்திருப்பேன். கழிப்பறை இல்லை என்பது ஒரு புகார். பார்க்க ஒன்றும் இல்லை என்பது பொய். இரண்டையும் சேர்த்துக் குழப்பாதீர்கள்.

ஒன்றும் இல்லையாம். திருமயத்தில் ஒரே குன்றைக் குடைந்து சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் கோயில், மேலே 1687இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை. குடுமியான்மலைப் பாறையில் 7ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு, சென்னையில் மார்கழிக் கச்சேரிக்கு வரிசையில் நிற்கிறவர்களில் எத்தனை பேர் அதன்முன் நின்றிருப்பார்கள்? கொடும்பாளூர் மூவர் கோயிலில் மூன்றில் இரண்டுதான் மிச்சம், அந்த இரண்டே போதும். ஆவுடையார்கோயில் கொடுங்கையில், அதாவது கல்லாலான கூரைச் சரிவில், மரச்சட்டமும் ஆணியும் போலக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறான். விராலிமலை முருகனுக்குச் சுருட்டு படைக்கிறோம், இந்த ஒன்றையாவது தம்பி தம்ப்நெயிலில் போட்டிருக்கலாம். எல்லாம் ஒரே மாவட்டம். அரை மணி நேரத்தில் முடியுமா?

இன்னொருவர் இன்பாக்ஸில் வந்து, "இவ்வளவு பெருமை பேசுற நீ ஏன் திருப்பூர்ல இருக்க" என்கிறார். ஐயா, கல்வெட்டு சோறு போடாது. கண்மாய் வறண்டால் எங்கள் பக்கம் ஆள் கிளம்பத்தான் செய்வான். பிழைக்கப் போனவனுக்கு ஊரைப் பற்றிப் பேச உரிமை கிடையாதா? 2018 நவம்பரில் கஜா புயல் வந்து கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஒரே ராத்திரியில் தோப்பு போனவர்கள் எனக்குச் சொந்தக்காரர்கள். அப்போதும் "புதுக்கோட்டையிலயுமா அடிச்சுது?" என்றுதான் இங்கே கேட்டார்கள். நல்லதுக்கும் கண்ணில் படவில்லை, கெட்டதுக்கும் படவில்லை. கேமராவோடு ஒருத்தர் வழி தவறி வந்தால் அவரும் ஒன்றும் இல்லை என்கிறார். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

தம்பி, மறுபடியும் வருவதாக இருந்தால் விடியக்காலம் வாருங்கள், தொப்பியும் தண்ணீரும் கொண்டுவாருங்கள், காரைக்குடிச் சாப்பாட்டை ராத்திரிக்குத் தள்ளிவையுங்கள். நார்த்தாமலைக்கு நானே கூட வருகிறேன்.

கீழே வந்து மறுபடியும் "ஆனா டாய்லெட்..." என்று ஆரம்பிக்கப் போகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.