எஞ்சின் வருகிறது, நல்லது. வேலை கற்றுத் தருவார்களா?

2025 அக்டோபர் கடைசியில் மறைமலை நகர் ஆலைக்கு ஃபோர்டு திரும்பி வருகிறது என்று செய்தி வந்த அன்று எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின், 2029-ல் உற்பத்தி, 600 பேருக்கு வேலை. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் குழுவில் ஒருத்தர்கூட, அந்த 600 பேருக்கு என்ன வேலை கொடுப்பார்கள், அதில் நம் பையன்கள் என்ன கற்றுக்கொள்வார்கள் என்று கேட்கவில்லை. எத்தனை பேர், எவ்வளவு சம்பளம், அதோடு பேச்சு முடிந்துவிட்டது. இதைத்தான் எழுத வேண்டும் என்று இத்தனை நாளாக மனதில் போட்டு வைத்திருந்தேன்.

என் தம்பி மகன் காரைக்குடியில் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன். நல்ல மார்க். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) காண்ட்ராக்டில் சேர்ந்தான். ஐந்து வருஷம். ஐந்து வருஷமும் ஒரே வேலை. வண்டி வரும், வலது பக்க முன் சீட்டுக்கு நாலு போல்ட், கையில் இருக்கிற கன்னை வைத்து முடுக்க வேண்டும், பச்சை விளக்கு எரிந்தால் சரி, அடுத்த வண்டி. ஒரு நாள் லைன் குறைந்தது, காண்ட்ராக்டர் போனில் சொல்லி நிறுத்திவிட்டார். அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்கு வேலை கேட்டுப் போயிருக்கிறான். "என்னப்பா வேலை தெரியும்?" என்று கேட்டிருக்கிறார்கள். இவனால் "சீட் மாட்டுவேன்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதை என்னிடம் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு. லேத்தில் கை வைத்துப் படித்த பிள்ளை அவன்.

ஊருக்கு வந்தவன் கொஞ்ச நாள் எங்கள் ஆத்தங்குடி தரைக்கல் (டைல்ஸ்) பட்டறையில் வந்து உட்கார்ந்திருந்தான். அங்கே கல் போடுகிறவரை ஒரு முழு நாள் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடித் தகட்டை எண்ணெய்த் துணியால் துடைக்கிறார், அதன் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு இதழுக்கும் ஒவ்வொரு கலர்க் கலவையைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார், அச்சை அலுங்காமல் மேலே தூக்குகிறார், ஒரு கலரும் இன்னொன்றில் ஓடாது. மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டி ஓரமாக வைக்கிறார். மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறார், ஊறிக் காய்ந்த பிறகு கண்ணாடி தானாக விட்டுவிடும். சாயங்காலம் அவன் சொன்னான்: "பெரியப்பா, முழுக் கல்லையும் இவர் ஒரு ஆளே செஞ்சுடுறாரு. இந்த ஊரை விட்டுப் போனாலும் இவரு எங்கேயும் கல்லு போடுவாரு."

அவன் சொன்னது ஃபோர்டின் நூறு வருஷக் கதைக்கும் பொருந்தும். 1913-ல் டெட்ராய்ட் பக்கம் ஹைலேண்ட் பார்க் ஆலையில் ஓடும் லைனைக் கொண்டு வந்தார்கள். பன்னிரண்டரை மணி நேரம் ஆகிக்கொண்டிருந்த கார் பூட்டும் வேலை, அதாவது பாகங்களை இணைத்துக் காராக்கும் வேலை, ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கியது. வேலையைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்ததில் வந்த வேகம் அது. அலுத்துப் போய் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டு ஓடினார்கள். அதனால்தான் 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் சம்பளம் என்று அறிவிக்க வேண்டி வந்தது. அதை ஹென்றி ஃபோர்டின் தாராள மனசு என்று மட்டும் பாடம் நடத்துகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை. அப்புறம் டியர்பார்னில் ரூஜ் ஆலையைக் கட்டினார்கள். இரும்புத் தாது கப்பலில் வந்து இறங்கும், எஃகு உருக்குவது முதல் கண்ணாடி வரை அதே வளாகத்தில், மறு முனையில் கார் வெளியே வரும். அதாவது முழுக் கல்லும் அங்கே. உலகத்துக்கு அனுப்பியது என்ன? பெட்டியில் அடைத்த பாகங்கள். 1904-லேயே ஆற்றுக்கு அக்கரையில் கனடாவில் ஒரு ஆலை, 1911-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம், 1925-ல் ஆஸ்திரேலியாவின் ஜீலாங்கில். 1926-ல் இந்தியாவிலும் கம்பெனி ஆரம்பித்தார்கள். இங்கே நடந்தது பூட்டுகிற வேலை மட்டும்.

1953-ல் நம் அரசு ஒரு முடிவெடுத்தது. பாகங்களை இங்கேயே செய்யத் திட்டம் இருந்தால் இரு, வெறுமனே இறக்குமதி செய்து பூட்டுவதானால் மூன்று வருஷத்துக்குள் நிறுத்திக்கொள் என்று. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிவிட்டார்கள். அந்தக் கொள்கையால் நாற்பது வருஷம் நமக்குப் பழைய மாடல் கார்தான் கிடைத்தது, அது உண்மை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கேட்ட கேள்வி சரியான கேள்வி. செய்யப் போகிறாயா, பூட்டப் போகிறாயா?

பின்னால் திரும்பி வந்த ஃபோர்டின் ஈக்கோஸ்போர்ட் காரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசிலில் கமசாரி, ருமேனியாவில் கிரயோவா, நம் மறைமலை நகர், மூன்று இடத்திலும் அதே கார் வந்தது. அமெரிக்காவில் விற்ற ஈக்கோஸ்போர்ட் நம்ம ஊரில் செய்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தரத்தில் குறை என்றால் அங்கே ஏற்றியிருக்க முடியுமா? கமசாரியில் 2021 ஜனவரியோடு நிறுத்தினார்கள், இப்போது அந்த இடத்தில் சீனாவின் கார் கம்பெனி பிஒய்டி இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தி இல்லை என்றார்கள், பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்கு காட்டினார்கள், ஏறக்குறைய 4,000 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்கள், 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. குஜராத்தின் சானந்த் ஆலையை டாடா வாங்கிக்கொண்டது. கிரயோவா மட்டும் பிழைத்து இன்னும் வண்டி செய்கிறது. பக்கத்திலேயே ஐரோப்பியச் சந்தை இருந்தது, அடுத்த மாடலும் கிடைத்தது. வேலை செய்தவன் கை குறைந்தால் மட்டும்தான் ஆலை மூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெல்ஜியத்தில் கெங்க் ஆலை ஐம்பது வருஷம் ஓடி 2014-ல் மூடியது. ஜீலாங் 2016-ல். ஜெர்மனியில் சார்லூயி 2025 நவம்பரில் கார் செய்வதை நிறுத்தியது. லண்டன் பக்கத்து டாகன்ஹாமைப் பாருங்கள், 1931-ல் ஆரம்பித்து 2002-ல் கார் நின்றது, ஆனால் எஞ்சின் செய்யும் வேலை அதற்கப்புறமும் இருபது வருஷத்துக்கு மேல் தொடர்கிறது. எஞ்சின் என்பது செய்கிற வேலை.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் பர்மாவில் கடை போட்டார்கள், 1930-களின் விலை வீழ்ச்சியில் கீழ் பர்மா நெல் வயல்களில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது, போர் வந்தது, 1948-ல் நிலச் சட்டம் வந்தது, எல்லாம் போனது. அங்கேயிருந்து வந்த தேக்கு மரத் தூண்கள் கானாடுகாத்தானில் நிற்கின்றன. எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது, எத்தனை வீட்டில் கதவைக் கழற்றி விற்றுவிட்டார்கள் என்று இங்கே வந்து பார்த்தால் தெரியும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1953-ல் திறக்க வழி செய்த காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆய்வகம் இன்றைக்கும் பேட்டரி ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறது. அவர் கொடுத்தது படிப்புக்கும் வேலைக்கும்.

அதனால் எஞ்சின் ஆலை வருவதில் எனக்கு முழு சம்மதம். கார் பூட்டுவதைவிட இது கனமான வேலை, பிளாக் கடைவது, கிராங்க் தேய்ப்பது, மைக்ரான் கணக்கில் அளப்பது. 600 என்பது பழைய எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வராது, இருக்கட்டும். ஆனால் அரசு கையெழுத்துப் போடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், இது ஃபோர்டுக்கு மட்டும் சொல்லவில்லை, எத்தனை பேரை நிரந்தரமாக எடுப்பார்கள், வருஷத்துக்கு எத்தனை வேலை மாற்றிக் கற்றுத் தருவார்கள், அதற்குச் சான்றிதழ் உண்டா என்று எழுதி வாங்க வேண்டும். மின்சாரத்தில் தள்ளுபடி, நிலத்தில் தள்ளுபடி எல்லாம் கொடுக்கிறோமே, இதைக் கேட்க நமக்கு என்ன கூச்சம்? காரைக்குடி பாலிடெக்னிக் பையன் ஆறு மாதம் சிக்ரியில் பேட்டரியைப் பிரித்துப் பார்க்கட்டும், ஆறு மாதம் எஞ்சின் லைனில் நிற்கட்டும். ஊரில் ஆய்வகம் இருக்கிறது, பையன்கள் இருக்கிறார்கள், இரண்டையும் சேர்க்க ஒரு அரசாணை போதாதா?

மறைமலை நகரில் பழைய எஞ்சின் பிரிவில் வேலை பார்த்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் தயவுசெய்து கமெண்டில் எழுதுங்கள். உள்ளே எத்தனை மெஷினில் கை வைக்க விட்டார்கள், புதிதாக வருகிறவன் முதலில் எதைக் கற்றுக்கொண்டு போக வேண்டும்? தம்பி மகன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான், படித்துக் காட்டுகிறேன்.