சரக்குக் கறி நல்லது, தண்ணீர் மறிப்பது பிழை

பாலித் தீவில் 105 நாள் வரை குழந்தையின் காலை நிலத்தில் பட விடாத வழக்கத்தை விரிவாக எழுதிய, பிள்ளைப்பேற்று வழக்கங்கள் பற்றிய ஒரு கட்டுரை, யாழ்ப்பாணத்தில் பிள்ளை பிறந்த வீட்டின் 31 நாள் துடக்கையும் (தீட்டு) தாயின் பத்தியத்தையும் ஒரே வரியில் கடந்துவிட்டது. அது நியாயமில்லை.

அந்தப் பத்தியத்தில் தாய்க்குக் கொடுக்கும் சரக்குக் கறி வெறும் மிளகுத்தண்ணி அல்ல. ஒரு நேரக் கறிக்கு மல்லி 2 மேசைக்கரண்டி, மிளகும் நற்சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, சிறு துண்டு மஞ்சள், சுண்டுவிரல் நுனியளவு வேர்க்கொம்பு (சுக்கு). மஞ்சளையும் வேர்க்கொம்பையும் தட்டி ஊறவைக்காவிட்டால் அம்மியில் வழுக்கும், கறியில் நறநறக்கும். மல்லிக்கோது தெரியாதபடி பசையாக அரைத்துக் கரைத்து, 10 பல்லு உள்ளியோடு (பூண்டு) கொதிக்க விட வேண்டும். பச்சை மணம் போன பிறகுதான் மீன். முதலே போட்டால் கரைந்துவிடும். செத்தல் மிளகாய், புளி, தேங்காய்ப்பால் கிடையாது. இறக்கும்போது கொஞ்சம் நல்லெண்ணெய்.

சரக்கில் பிழையில்லை. 'வயிறு வைக்கும்' (பெருத்துவிடும்) என்று தாய்க்குத் தண்ணீரை மறிப்பதுதான் பிழை. மலச்சிக்கல் வரும், தையல் போட்டவருக்கு அது பெரிய வேதனை. பால் கொடுப்பவர் தாகத்துக்குக் குடிக்கத்தான் வேண்டும். நாள் முழுக்கப் படுக்கவைப்பதும் கூடாது, கால் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியாகலாம்.

குழந்தையை முதல் 24 மணிநேரம் குளிப்பாட்ட வேண்டாம், உடல் குளிர்ந்துவிடும். நாக்கில் தேன் தொட்டு வைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தேனில் இருக்கக்கூடிய குளொஸ்திரிடியம் கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். குழந்தை பால் உறிஞ்சாமல் துவண்டுபோகும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. ஒரு வயது வரை தேன் வேண்டவே வேண்டாம்.