மூச்சு வருவதுபோல் தெரிந்தாலும் ஏஇடி வேண்டும்

ஏஇடி என்பது, தாறுமாறாகத் துடித்துச் செயலிழந்த இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் கருவி. ‘பிள்ளை மயங்கி விழுந்தாலும் மூச்சு வந்தால் ஏஇடி கருவியைத் தொடக் கூடாது, தெரியாதவர் வைத்தால் நல்ல இதயமும் நின்றுவிடும்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. முதலாவது உயிரையே பறிக்கக்கூடிய தவறு.

2011-இல் ஜப்பானின் சைத்தாமா நகரில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓட்டப் பயிற்சியின்போது சரிந்து விழுந்தாள். பள்ளியிலேயே ஏஇடி இருந்தது. மூச்சும் நாடியும் இருப்பதாக ஆசிரியர்கள் நம்பியதால், ஆம்புலன்ஸ் வரும்வரை அதை யாரும் பயன்படுத்தவில்லை. நெஞ்சையும் அழுத்தவில்லை. மறுநாள் அவள் இறந்துவிட்டாள்.

இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்களுக்கு வாய் மட்டும் திறந்து திறந்து மூடும். விட்டுவிட்டு, குறட்டை போல ஒரு திணறல் வரும். அது மூச்சுக் கணக்கில் சேராது. கை கால் வெட்டி இழுக்கவும் செய்யலாம், பார்ப்பவர் வலிப்பு என்று நினைத்துவிடுவார். அந்த நகரக் கல்வி வாரியம் அந்த மாணவியின் பெற்றோரோடு சேர்ந்து 2012-இல் தயாரித்த ஆசிரியர் கையேடு இதைத்தான் வலியுறுத்துகிறது: இயல்பான மூச்சா என்று சந்தேகம் வந்தாலே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், ஏஇடி கொண்டுவரச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த இரண்டாவது பயம். கருவியின் பட்டைகளை நெஞ்சில் ஒட்டியதும் அதுவே இதயத் துடிப்பை அலசும். தேவையில்லை என்றால் பொத்தானை அழுத்தினாலும் மின்சாரம் பாயாது. ஜப்பானில் 2004 முதல் பொதுமக்களே இதைப் பயன்படுத்துகிறார்கள்.

நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. கருவியைப் பூட்டிய அறையில் வைத்திருக்கும் பள்ளிகள் அதை முதலில் மைதானத்தின் பக்கம் மாற்றட்டும்.